பழைய டீசல் லோரிக்கு வேறு கியர்பெட்டி: வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

"எஞ்சின் கல்லு மாதிரி இருக்கிறது. கியர்பெட்டிதான் போய்விட்டது. லோரியை விற்றுவிடுவதா, வேறு கியர்பெட்டி வாங்கிப் பொருத்துவதா?"

பழைய டீசல் லோரி வைத்திருப்பவர்களிடம் அடிக்கடி எழும் கேள்வி இது. டீசல் எஞ்சினுக்கு ஆயுள் கெட்டி. அதன் பின்னால் இருக்கும் கியர்பெட்டிக்கு அந்த ஆயுள் எப்போதும் இருப்பதில்லை. லோரியை நம்பிப் பிழைப்பு நடத்தும் குடும்பத்திற்கு இது வீட்டுச் செலவையே பாதிக்கும் முடிவு. ஆகவே, உணர்ச்சி வசப்படாமல், விஷயம் தெரிந்து முடிவெடுக்க வேண்டும்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு அமெரிக்காவில் இருக்கிறது.

*டோட்ஜ் ரேம் சொல்லும் பாடம்*

டோட்ஜ் நிறுவனம் தனது ரேம் பிக்கப் லோரிகளில் 1989ஆம் ஆண்டு மாடல் முதல் கம்மின்ஸ் டீசல் எஞ்சினைப் பொருத்தியது. ஆறு சிலிண்டர், 5.9 லிட்டர் கொள்ளளவு. தொடக்கத்தில் அதன் ஆற்றல் 160 குதிரைச் சக்திதான். ஆனால் அதன் முறுக்கு விசை சுமார் 540 நியூட்டன் மீட்டர். கனரக வேலைக்கென்றே வடிவமைக்கப்பட்ட எஞ்சின் அது. முறையாகப் பராமரித்தால் பல லட்சம் கிலோமீட்டர் ஓடும் என்று பெயரெடுத்தது.

1993 வரை வந்த மேனுவல் வண்டிகளில் ஜெர்மனியின் கெட்ராக் நிறுவனத்தின் ஐந்து வேகக் கியர்பெட்டி இருந்தது. ஆண்டுகள் பல கடந்து, பாரம் இழுத்துத் தேய்ந்த பிறகு, அதற்கு உதிரிப் பாகங்கள் கிடைப்பது அரிதாகிவிட்டது. கிடைத்தாலும் விலை அதிகம். எஞ்சின் ஓடத் தயார், கியர்பெட்டிக்குச் சாமான் இல்லை என்ற நிலை வந்தது.

உரிமையாளர்கள் பலர் தேடிப் போனது என்வி4500 என்ற ஐந்து வேகக் கியர்பெட்டியை. ஜெனரல் மோட்டார்ஸும் கிரைஸ்லரும் கூட்டாக அமைத்த நியூ வெஞ்சர் கியர் நிறுவனத்தின் தயாரிப்பு அது. 1994இல் வந்த புதிய ரேம் டீசல் வண்டிகளில் டோட்ஜே அதைப் பொருத்தியது. வார்ப்பிரும்பு உடல், எடை சுமார் 88 கிலோ. 1996இல் அதே 5.9 லிட்டர் எஞ்சின் மேனுவல் வண்டிகளில் 215 குதிரைச் சக்தியாக உயர்ந்தபோதும் அதே கியர்பெட்டிதான் பின்னால் நின்றது. அப்படியென்றால் 160 குதிரைச் சக்தி எஞ்சினுக்கு அது தாராளமாகப் போதும்.

கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறது, இல்லையா? சிக்கல் இனிமேல்தான்.

*கியர்பெட்டி தனி ஆள் அல்ல*

கியர்பெட்டி ஒரு சங்கிலியின் நடுக்கண்ணி. முன்னால் கிளட்ச்சும் ஃபிளைவீலும் எஞ்சினும் இருக்கின்றன. பின்னால் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டும் ஆக்ஸிலும் சக்கரங்களும் இருக்கின்றன. நடுக்கண்ணியை மாற்றினால் இரு பக்கமும் பொருந்த வேண்டும்.

முதலில் பார்க்க வேண்டியது, கிளட்ச் தட்டுக்குள் நுழையும் முன் ஷாஃப்ட். டோட்ஜ் டீசலுக்கு வந்த என்வி4500இல் அது ஒன்றேகால் அங்குலத் தடிமன், 10 பற்கள். ஜெனரல் மோட்டார்ஸ் வண்டிகளுக்கு வந்த அதே பெயர்க் கியர்பெட்டியின் முன் ஷாஃப்ட் வேறு அளவு. 'என்வி4500 மலிவாகக் கிடைத்தது' என்று பெயரை மட்டும் பார்த்து வாங்கியவர், வீட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் அது தன் கிளட்ச்சுக்குள் நுழையாது என்று கண்டுபிடிப்பார். பெயர் ஒன்று, பொருள் இரண்டு!

இரண்டாவது, கிளட்ச்சை மூடியிருக்கும் பெல் ஹவுஸிங். அது எஞ்சினோடும் கியர்பெட்டியோடும் போல்ட் துளை பிசகாமல் பொருந்த வேண்டும். புதிய கியர்பெட்டிக்கு உரிய ஹவுஸிங்கையும் சேர்த்தே வாங்குவதுதான் புத்திசாலித்தனம். எஞ்சினின் மையமும் கியர்பெட்டியின் மையமும் ஒரே நேர்கோட்டில் இருக்கின்றனவா என்று டயல் கேஜ் வைத்து அளக்க வேண்டும். மயிரிழை விலகினாலும் பேரிங் சீக்கிரம் போய்விடும். புதிதாகப் போட்ட பெட்டி இரைகிறதே என்று பின்னர் தலையில் கை வைப்பதில் பயனில்லை.

மூன்றாவது, பின் ஷாஃப்ட். நான்கு சக்கர இயக்க வண்டிகளுக்கு வந்த என்வி4500இல் 23 பற்கள் கொண்டதும் உண்டு, 29 பற்கள் கொண்டதும் உண்டு. டிரான்ஸ்ஃபர் கேஸ் எதற்கு ஏற்றதோ அதைத்தான் வாங்க வேண்டும்.

நான்காவது, நீளம். கியர்பெட்டியின் நீளம் மாறினால் அதைத் தாங்கும் குறுக்குச் சட்டத்தின் இடம் மாறும். புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டிக் குறைக்கவோ புதிதாகச் செய்யவோ வேண்டியிருக்கும். செய்த பிறகு அதைச் சமநிலைப்படுத்த வேண்டும். இல்லாவிட்டால் வேகத்தில் வண்டி அதிரும்.

இவற்றோடு கியர்க் கம்பி வெளிவரும் துளை, பின்விளக்கு சுவிட்ச், வேகமானி ஆகியவையும் உண்டு. ஒவ்வொன்றும் சின்னச் சின்னச் செலவுதான். ஆனால் சிறு துளி பெருவெள்ளம் என்பது சேமிப்புக்கு மட்டுமல்ல, செலவுக்கும் பொருந்தும்.

*கணக்குப் போட்டுப் பாருங்கள்*

பொருந்தினால் மட்டும் போதாது, வேலைக்கும் ஒத்துவர வேண்டும். டோட்ஜ் என்வி4500இன் முதல் கியர் விகிதம் 5.61, இரண்டாவது 3.04, மூன்றாவது 1.67, நான்காவது 1.00, ஐந்தாவது 0.75. ஆக்ஸில் விகிதம் 3.54 என்றும், சக்கரம் ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 2.45 மீட்டர் உருளும் என்றும் வைத்துக்கொள்வோம்.

எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று சுழலும்போது முதல் கியரில் வேகம் மணிக்குச் சுமார் 15 கிலோமீட்டர். இரண்டாவதில் 27, மூன்றாவதில் 50, நான்காவதில் 83, ஐந்தாவதில் 111. இந்தப் பழைய கம்மின்ஸ் 2,500 சுற்றைத் தாண்டி வேலை செய்வதற்கல்ல. ஆகவே வண்டி எந்த வேகத்தில் அதிகம் ஓடுகிறது, எவ்வளவு சுமை, எந்த மேடு என்பதை வைத்துத்தான் விகிதம் சரியா என்று சொல்ல முடியும்.

*சரிவில்தான் சோதனை*

இங்கே உயிர் சம்பந்தப்பட்ட விஷயம் ஒன்று இருக்கிறது. பாரத்தோடு மேடேற முடியவில்லை என்றால் வண்டி நின்றுவிடும், அவ்வளவுதான். பாரத்தோடு இறங்கும்போது கியர் கழன்றுகொண்டால்?

கெந்திங் மலையிலோ கேமரன் மலையிலோ கீழ்நோக்கி இறங்கியவர்களுக்கு இதன் பயம் புரியும். சின்ன கியரில் இறங்கும்போது எஞ்சினும் சேர்ந்து வண்டியைப் பிடித்துக்கொள்ளும். பெட்ரோல் எஞ்சினில் இருப்பது போன்ற காற்றுத் தடுப்பு இந்த டீசலில் இல்லை. அதனால் அந்தப் பிடிப்பு இயல்பாகவே குறைவு. பாரம் இழுப்பவர்கள் எக்ஸாஸ்ட் பிரேக் பொருத்துவது அதனால்தான். கியர் வெளியே துள்ளிவிட்டால் அந்தக் கொஞ்சப் பிடிப்பும் போய், முழுப் பாரமும் சக்கர பிரேக்கின் தலையில் விழும். பிரேக் சூடேறினால் பிடி தளரும். தேய்ந்த கியர்பெட்டியை 'இன்னும் கொஞ்ச நாள்' என்று இழுத்துக்கொண்டிருப்பவர்களும், அளவு பார்க்காமல் எதையோ பொருத்துகிறவர்களும் இதை மறக்கக் கூடாது.

*புதிய பெட்டியும் பழைய பழக்கமும்*

என்வி4500 குறையே இல்லாதது என்று எண்ணிவிடக் கூடாது. டீசல் வண்டிகளில் அதன் ஐந்தாவது கியரைப் பிடித்திருக்கும் நட் தளர்ந்து, கியர் பின்னுக்கு நகர்ந்து, கடைசியில் ஐந்தாவது கியரே இல்லாமல் போவது பலருக்கும் தெரிந்த குறை. குறைந்த சுற்றில் ஐந்தாவது கியரைப் போட்டுப் பாரத்தை முக்கி முக்கி இழுப்பது இந்தக் குறையை விரைவில் வரவழைக்கும். எஞ்சினின் ஒவ்வொரு அடியும் நேராகக் கியரின் பற்களில் இறங்குவதுதான் காரணம். பயன்படுத்திய பெட்டி வாங்குகிறவர்கள் பொருத்துவதற்கு முன்பே பின்பக்கம் திறந்து அந்த நட்டைப் பார்த்துவிட வேண்டும். பொருத்திய பிறகு, பாரத்தோடு மேடு வந்தால் நான்காவதற்கு இறங்கும் பழக்கமும் வேண்டும்.

எண்ணெயும் அப்படியே. இதற்கு நிறுவனம் சொன்னது 75டபிள்யூ-85 ஜிஎல்-4 வகைச் செயற்கை எண்ணெய். பட்டறையில் கையில் கிடைத்த ஆக்ஸில் எண்ணெயை ஊற்றுவது கூடாது.

*முடிவு எப்படி எடுப்பது?*

முதலில், இருக்கும் பெட்டியைப் பழுதுபார்க்கச் சாமான் கிடைக்குமா, என்ன விலை என்று எழுதி வாங்குங்கள். அடுத்து, மாற்றுப் பெட்டியின் விலையோடு ஹவுஸிங், கிளட்ச், ஷாஃப்ட், சட்டம், கூலி எல்லாவற்றையும் கூட்டுங்கள். வண்டியின் மற்ற பாகங்கள் இன்னும் எத்தனை ஆண்டு தாங்கும் என்று பாருங்கள். சேஸி துருப்பிடித்துக் கிடந்தால் எவ்வளவு நல்ல கியர்பெட்டியும் அதைக் காப்பாற்றாது. மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்று சாலைப் போக்குவரத்து இலாகாவையும் காப்புறுதி நிறுவனத்தையும் வேலைக்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

மாற்றுப் பெட்டி பொருத்திய பழைய ரேம் லோரிகள் இன்றும் பாரம் இழுக்கின்றன. பாதியில் காசு தீர்ந்து கொட்டகையில் நிற்பவையும் உண்டு. அளந்துவிட்டு வாங்கினார்களா, வாங்கிவிட்டு அளந்தார்களா என்பதுதான் பெரும்பாலும் இரண்டுக்கும் உள்ள வேறுபாடு. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று பெரியவர்கள் சொன்னது லோரிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான்.