சிசேரியன் காயத்தைப் பராமரித்தல்: வீடு திரும்பிய தாய்மார்களுக்கான வழிகாட்டி

இந்தக் கையேடு உங்களுக்கும், பத்திய காலத்தில் உங்களைக் கவனித்துக்கொள்ளும் குடும்பத்தாருக்கும் உரியது.

காயம் எப்படி ஆறுகிறது?

தையல் பொதுவாக அடிவயிற்றில் 10 முதல் 15 செ.மீ. நீளத்தில் குறுக்காக இருக்கும். வெளியே தெரிவது ஒரு கோடுதான். அதன் கீழே கருப்பை வரை பல அடுக்குகள் வெட்டப்பட்டுள்ளன. மேல்தோல் சில நாள்களில் ஒட்டிக்கொள்ளும். உள் அடுக்குகள் ஆற ஏறக்குறைய 6 வாரம் ஆகும். ஆகவே, வலி குறைந்ததும் காயம் முழுமையாக ஆறிவிட்டதாக நினைக்காதீர்கள்.

தினமும் செய்ய வேண்டியவை

• காயத்தைத் தொடும் முன் கைகளைச் சோப்பு போட்டுக் கழுவுங்கள்.
• கட்டை எப்போது அகற்றுவது, தையலைப் பிரிக்க வேண்டுமா என்பதைத் தாதியிடம் கேட்டறியுங்கள்.
• கட்டை அகற்றிய பின், தினமும் குளிக்கும்போது காயத்தின் மீது தண்ணீர் மெதுவாக ஓடட்டும். தேய்க்க வேண்டாம். சுத்தமான துண்டால் ஒற்றி எடுங்கள்.
• வயிற்று மடிப்பின் கீழ் வியர்வை தேங்கினால் கிருமி எளிதில் பெருகும். அந்த இடத்தை உலர்வாக வைத்திருங்கள். காயத்தில் உரசாத, தளர்வான பருத்தி உள்ளாடை அணியுங்கள்.
• இருமும்போதும் சிரிக்கும்போதும் தலையணையால் வயிற்றை மெதுவாக அழுத்திக்கொள்ளுங்கள்.
• படுக்கையிலிருந்து எழும்போது முதலில் ஒரு பக்கமாகத் திரும்பி, கையை ஊன்றி எழுந்திருங்கள்.
• 6 வாரம் வரை உங்கள் குழந்தையைவிடக் கனமான எதையும் தூக்காதீர்கள்.

பத்திய காலத்தில் கவனிக்க வேண்டியவை

சூட்டு ஒத்தடம்: தையலைச் சுற்றிப் பல மாதங்கள் மரத்துப்போன உணர்வு இருக்கலாம். சூடு அதிகமானாலும் உங்களுக்குத் தெரியாது, தோல் வெந்துவிடக்கூடும். காயத்தின் மீது சூடான கல்லோ வெந்நீர்ப் பையோ வைக்க வேண்டாம்.

மஞ்சள், எண்ணெய், பற்று: ஆறாத காயத்தில் இவற்றைப் பூசினால் கிருமித் தொற்று ஏற்படலாம். கை, கால்களில் எண்ணெய் தேய்க்கலாம். வயிற்றை உருவ வேண்டாம்.

வயிற்றுக்கட்டு: மருத்துவர் அனுமதித்த பின்னரே கட்டுங்கள். இறுக்கமான கட்டு காயத்தை அழுத்தி ஈரத்தைத் தேக்கும்.

உணவும் தண்ணீரும்: காயம் ஆறப் புரதம் தேவை. மீன், முட்டை, கோழி, பருப்பு ஆகியவற்றைத் தவிர்க்க வேண்டியதில்லை. தண்ணீரைக் குறைத்தால் மலச்சிக்கல் ஏற்படும். முக்கும்போது தையல் வலிக்கும். நீரிழிவு உள்ளவர்கள் இரத்தச் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருங்கள்.

ஓய்வு: நாள் முழுவதும் படுத்தே இருந்தால் கால்களில் இரத்தம் உறையும் அபாயம் கூடும். வீட்டுக்குள் அடிக்கடி சிறிது நேரம் நடங்கள்.

தாதி வீட்டிற்கு வரும்போது

வலி இல்லாவிட்டாலும் காயத்தைக் காட்டுங்கள். கூச்சப்பட வேண்டாம். தொற்றைத் தொடக்கத்திலேயே கண்டறிந்தால் சிகிச்சை எளிது.

உடனே கிளினிக் அல்லது மருத்துவமனைக்குச் செல்லுங்கள்:

• காயம் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால்
• சீழ் அல்லது துர்நாற்றம் வந்தால்
• தையல் பிரிந்தால்
• காய்ச்சல் 38 டிகிரி செல்சியஸ் அல்லது அதற்கு மேல் இருந்தால்
• வலி நாளுக்கு நாள் கூடினால்
• ஒரு காலில் மட்டும் வலியும் வீக்கமும் இருந்தால்

மூச்சுத்திணறல், நெஞ்சுவலி ஏற்பட்டாலோ, ஒரு மணி நேரத்திற்குள் பேட் முழுவதும் நனையும் அளவு இரத்தம் போனாலோ 999-ஐ அழையுங்கள். பத்திய காலத்தில் வெளியே போகக்கூடாது என்று காத்திருக்காதீர்கள்.

தழும்பும் அடுத்த கர்ப்பமும்

தழும்பு முதலில் சிவந்தோ கருத்தோ தெரியும். ஓராண்டுக்குள் பெரும்பாலும் மங்கிவிடும். தடித்து, காயத்தின் எல்லையைத் தாண்டி வளர்ந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கருப்பையிலும் ஒரு தழும்பு உண்டு. அது வலுப்பெற, மீண்டும் கருத்தரிக்கும் முன் குறைந்தது 2 ஆண்டு இடைவெளி விடுவது நல்லது. உங்களுக்கு ஏற்ற குடும்பக் கட்டுப்பாட்டு முறையைப் பற்றிக் கிளினிக்கில் கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வேண்டுகோள்: சமையல், துணி துவைத்தல், மூத்த பிள்ளைகளைத் தூக்குதல் ஆகியவற்றை இந்த 6 வாரமும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். தாய்க்கு நீங்கள் செய்யக்கூடிய பெரிய உதவி அதுவே.