டவர் போனாலும் குரல் போகணும்: வாக்கி டாக்கியா, பிடிடி போனா?

இந்த எபிசோட்ல ஒரே ஒரு கேள்விதான். வேலை இடத்துல வாக்கி டாக்கியைத் தூக்கிப் போட்டுட்டு புஷ் டு டாக் போனுக்கு, அதாவது பிடிடி போனுக்கு மாறலாமா?

இதை சுவாமிமலைய வச்சே யோசிப்போம். கிருத்திகைக்குக் கூட்டம் அள்ளுற கோயில் அங்க இருக்கு. ஊரைச் சுத்தி நெல் வயல். ஐப்பசி, கார்த்திகை வந்தா புயல் பயம். ஒரு கருவியைச் சோதிச்சுப் பார்க்க இந்த மூணும் போதும்.

முதல்ல ரெண்டுக்கும் என்ன வித்தியாசம்னு பார்த்துடலாம். வாக்கி டாக்கியில பட்டனை அமுக்கினா உங்க குரல் ரேடியோ அலையா நேரா எதிர் செட்டுக்குப் போகும். நடுவுல டவர், சிம், சர்வர் எதுவும் கிடையாது. பிடிடி போன்லயும் அதே மாதிரி பட்டன்தான், ஆனா உள்ள நடக்குற கதையே வேற. குரல் டேட்டாவா மாறி டவருக்குப் போகும், அங்கேருந்து ஒரு சர்வருக்குப் போகும். குரூப்ல இருக்குற எல்லாருக்கும் அதைப் பிரிச்சு அனுப்புறது அந்த சர்வர்தான்.

சர்வர் இருக்கிறதுல ஒரு லாபமும் இருக்கு. வாக்கி டாக்கியில ரெண்டு பேர் ஒரே நேரத்துல அமுக்கினா ரெண்டு குரலும் கலந்து கரகரன்னு கேக்கும். பிடிடியில யார் முதல்ல கேட்டாங்களோ அவங்களுக்கு சர்வர் வாய்ப்பு கொடுக்கும், மத்தவங்களைக் காத்திருக்கச் சொல்லும். பேசினதைப் பதிவு பண்ணலாம், யார் எங்க இருக்காங்கன்னு மேப்ல பார்க்கலாம்.

அடுத்தது தூரம். கையில பிடிக்கிற சின்ன செட், திறந்த வயல்வெளியில சில கிலோமீட்டர் வரைக்கும் எட்டும். கும்பகோணம் கடைத்தெரு மாதிரி கட்டிடம் நெருக்கமா இருக்கிற இடத்துல மீட்டர் கணக்குக்கு இறங்கிடும். சம்பா அறுவடை சீசனை எடுத்துக்கோங்க. அறுப்பு மெஷின் பாபநாசம் பக்கம் ஒரு வயல்ல நிக்குது, நெல் ஏத்தின வண்டி கொள்முதல் நிலையத்துல வரிசையில நிக்குது, ஓனர் சுவாமிமலையில இருக்கார். இந்த வேலைக்கு வாக்கி டாக்கி எட்டாது. இங்க பிடிடி போன்தான் சரி.

சாதாரண போன்லயே ஒரு ஆப் போட்டுக்கலாமேன்னு கேப்பீங்க. போட்டுக்கலாம்தான். ஆனா சேறு பட்ட கையால டச் ஸ்கிரீனைத் தடவிப் பாருங்க, புரியும். முரட்டு போன்ல பக்கவாட்டுல பெரிய பட்டன், மெஷின் சத்தத்துலயும் கேக்குற ஸ்பீக்கர், பெரிய பேட்டரி இருக்கும். வாங்கும்போது ஐபி68-ன்னு போட்டிருக்கான்னு பாருங்க. 6-ன்னா தூசி உள்ள போகாது. 8-ன்னா கம்பெனி சொல்ற ஆழத்துல, சொல்ற நேரம் வரைக்கும் தண்ணிக்குள்ள தாங்கும். அந்த ஆழம் எவ்வளவுன்னு பெட்டியில படிச்சுக்கோங்க.

சட்டமும் முக்கியம். 446.0-ல இருந்து 446.2 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும், குறைஞ்ச பவர்ல வேலை செய்ற செட்டுக்கு 2018 விதிகள்படி தனி லைசென்ஸ் வேண்டாம். ஆனா அந்த மாடலுக்கு அரசோட டைப் அப்ரூவல் இருக்கணும். வேற அலைவரிசைன்னா லைசென்ஸ் கட்டாயம். ஆன்லைன்ல இந்த விவரமே போடாம செட்டுகளை வித்ததால, 2025-ல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விற்பனைத் தளங்களுக்குத் தனி வழிகாட்டுதலே கொண்டுவந்துச்சு. பிடிடி போனுக்கு இந்தத் தலைவலி இல்ல. அலைவரிசை லைசென்ஸ் நெட்வொர்க் கம்பெனிகிட்ட இருக்கு, நீங்க சிம் வாங்கினா போதும்.

இதுவரைக்கும் கேட்டா பிடிடி ஜெயிச்ச மாதிரிதான் தெரியும். இனிமேதான் விஷயமே இருக்கு.

2018 நவம்பர் 16 அதிகாலை கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்துச்சு. டெல்டாவுல ஒரு லட்சத்துக்கும் மேல மின்கம்பம் சாஞ்சுது. டவருக்கு பேட்டரி உண்டு, டீசல் ஜெனரேட்டரும் உண்டு. ஆனா மரம் விழுந்து ரோடே அடைஞ்சு கிடக்கும்போது டீசலை யார் கொண்டு போறது? நிறைய கிராமங்கள்ல போன் வெறும் டார்ச் லைட்டா மாறிடுச்சு. டவர் செத்தா, எவ்வளவு முரட்டு பிடிடி போனா இருந்தாலும் அதே கதிதான். போன் உடையாது, ஆனா பேசாது. சார்ஜ் இருக்கிற ரெண்டு வாக்கி டாக்கி அப்பவும் பேசும்.

கூட்டமும் இப்படித்தான். டவர் நல்லாவே இருக்கும், ஆனா ஆயிரக்கணக்கான பேர் ஒரே நேரத்துல வீடியோ அனுப்பினா உங்க குரலும் அந்த வரிசையிலதான் நிக்கணும். மீட்புப் பணிக்குன்னே 2016-ல வந்த சர்வதேச ஸ்டாண்டர்ட் ஒண்ணு இருக்கு, எம்சிபிடிடின்னு பேர். பட்டன் அமுக்கினதும் 300 மில்லிசெகண்டுக்குள்ள பேச வாய்ப்பு கிடைக்கணும், அந்தக் குரலுக்கு நெட்வொர்க்ல முன்னுரிமை இருக்கணும்னு அது சொல்லுது. கடையில வாங்குற சாதாரண சிம்முக்கு அந்த முன்னுரிமை கிடையாது.

சுவாமிமலையில இருந்து கும்பகோணம் பக்கம்தான். 1992 மகாமகத்துல நெரிசல்ல சிக்கிப் பல உயிர் போச்சு. அடுத்த மகாமகம் 2028-ல வருது. "இந்தப் பக்கம் ஆளை விடாதீங்க"ன்னு ஒரு தன்னார்வலர் சொல்றது பத்து செகண்ட் தாமதமா போய்ச் சேர்ந்தா அதுக்கு விலை இருக்கு. அதனால கூட்டத்துக்கு நடுவுல வேலை செய்ற டீமுக்கு என் ஓட்டு வாக்கி டாக்கிக்குத்தான். சுவாமிமலை கோயிலையே எடுத்துக்கோங்க. அறுபது படிக்கு மேலயும் கீழயும் நிக்கிறவங்க பேச டவர் எதுக்கு?

சாஃப்ட்வேர்ல நாங்க எப்பவும் கேக்குற கேள்வி ஒண்ணு உண்டு: எது ஒண்ணு விழுந்தா மொத்தமும் விழும்? வாங்கறதுக்கு முன்னாடி அதைக் கேளுங்க. ஆட்கள் ஊர் ஊராப் பிரிஞ்சு நின்னா பிடிடி போன். ஒரே இடத்துல இருந்தா, இல்ல ஆபத்து நேரத்துக்குன்னா வாக்கி டாக்கி. பட்ஜெட் இருந்தா தினசரி வேலைக்கு போன், அலமாரியில நாலு செட். மாசம் ஒருநாள் எல்லா போனையும் ஏரோபிளேன் மோட்ல போட்டுட்டு அந்த நாலு செட்டை வச்சே வேலை பாருங்க. எந்த செட்ல பேட்டரி செத்துக் கிடக்குன்னு புயலுக்கு முன்னாடியே தெரிஞ்சுடும்.

உங்க வேலை இடத்துல எது ஓடுதுன்னு எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.