பெயரை முகப்பில் வைத்தவர்

செங்கை எழுத்துத் தடம் – 14

சென்ற வாரம் அத்திப்பாக்கம் வெங்கடாசல நாயகரின் 1872ஆம் ஆண்டு நூலோடு நிறுத்தியிருந்தோம். செங்கல்பட்டு ஜில்லாவில் நிலத்தில் பரம்பரை உரிமை கொண்ட மிராசுதாரருக்கும், அந்த உரிமை இல்லாமல் பயிரிட்டுவந்த பாயக்காரிக்கும் இடையே இருந்த வழக்கைப் பற்றி எழுதிய நூல் அது. அந்த வழக்கில் வாதியாகவோ பிரதிவாதியாகவோ சேராமல், ஆனால் இருவரின் கழனியிலும் இடுப்பொடியக் குனிந்து நின்றவர்கள் உண்டு. படியாட்கள் என்று ஊர் அவர்களை அழைத்தது. தானியத்தைப் படியால் அளந்து கூலி கொடுத்ததால் வந்த பெயர். அவர்கள் பிறந்த சாதியிலிருந்து, இதே ஜில்லாவிலிருந்து, பேனா எடுத்த ஒருவரைப் பற்றியது இந்த வாரம்.

அதற்கு முன் என் ஊர்ப் பெயரைப் பற்றிக் கொஞ்சம். நான் இருப்பது சிறுசேரி. சொன்னவுடன் எதிரில் இருப்பவர் “சிப்காட்டா?” என்று கேட்பார். பெயரில் இருக்கும் ‘சேரி’ யார் காதிலும் விழுவதில்லை. உத்திரமேரூர் போய் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரைப் பாருங்கள். முதலாம் பராந்தகன் காலத்தில், 919லும் 921லும் வெட்டிய குடவோலைக் கல்வெட்டுகள் அங்கே இருக்கின்றன. அந்தப் பிராமண ஊரே பன்னிரண்டு சேரிகளாகப் பிரிந்திருந்தது. சேர்ந்து குடியிருக்கும் இடம் சேரி, அவ்வளவுதான். பிறகு வந்த நூற்றாண்டுகளில் மற்றவர்களெல்லாம் தெரு, அக்கிரகாரம், நகர் என்று வேறு பெயர்களுக்குக் குடிபோக, அந்தச் சொல்லைச் சில மக்களின் தலையில் மட்டும் வைத்துவிட்டுப் போனார்கள். ஒரு சொல் எப்படி அழுக்காக்கப்படுகிறது என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு இந்த வாரம் எழுத வந்த இரட்டைமலை சீனிவாசன் நினைவு வரும்.

மதுராந்தகம் பக்கத்துக் கோழியாளம் அவர் பிறந்த ஊர். 1859 – 60 வாக்கில் பிறந்தவர். கோயம்புத்தூரில் படித்தார். 1939இல் அவர் வெளியிட்ட ‘ஜீவிய சரித்திர சுருக்கம்’ மிக ஒல்லியான புத்தகம். அதில் பள்ளிக்கூடத்தைப் பற்றி வரும் சில வரிகளை நான் பலமுறை படித்திருக்கிறேன். சுமார் 400 பிள்ளைகள் படித்த இடத்தில் பத்துப் பேர் போக மீதி எல்லாரும் பிராமணப் பிள்ளைகள். தான் இன்னார் என்பது தெரிந்துவிட்டால் என்ன நடக்குமோ என்ற அச்சத்தில் அந்தப் பையன் யாரிடமும் ஒட்டவில்லை. மணி அடிக்கும்வரை பள்ளிக்கு வெளியே எங்காவது உட்கார்ந்து புத்தகம் படிப்பான். மணி அடித்த பிறகுதான் வகுப்புக்குள் போவான். பள்ளி விட்டதும் மற்ற பிள்ளைகள் வந்து சேர்ந்துகொள்ளாதபடி வேகமாக நடந்து வீட்டுக்குப் போய்விடுவான். விளையாட முடியவில்லையே என்று பிறகு வருந்தி எழுதியிருக்கிறார். ஏறக்குறைய எண்பது வயதில் ஒரு மனிதர் தன் வாழ்க்கையைச் சுருக்கி எழுதும்போதும் விட்டுவிட மனம் வராத வருத்தம் அது.

இந்தப் பையன் வளர்ந்து நீலகிரியில் ஐரோப்பியக் கம்பெனிகளில் பத்து வருஷம் கணக்கு எழுதினார். 1890இல் சென்னைக்கு வந்தார். 1893 அக்டோபரில் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். சின்ன அளவில் நாலு பக்கம், விலை இரண்டணா. அந்தப் பத்திரிகைக்கு அவர் வைத்த பெயர் ‘பறையன்’.

பள்ளி வாசலில் எந்தச் சொல் தன் மேல் விழுந்துவிடுமோ என்று பயந்து மணியோசைக்குக் காத்திருந்தாரோ, அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் முகப்பில் அச்சடித்துத் தெருவுக்கு அனுப்பினார். வாங்க வருகிறவர் அந்தப் பெயரைச் சொல்லித்தான் கேட்க வேண்டும். மேல்சாதிக்காரர் ஒருவர் அதைப் பார்த்து முகம் சுளித்தால், அந்தச் சுளிப்புக்கே அவர்தான் பதில் சொல்ல வேண்டிவரும். சென்னையில் இரண்டே நாளில் 400 பிரதிகள் விற்றுப்போயின என்று அவர் எழுதியிருக்கிறார். மூன்று மாதத்தில் வாரப் பத்திரிகை ஆயிற்று. இரண்டு வருஷத்தில் சொந்த அச்சுக்கூடம். ஒரு கடிதத்தை வெளியிட்டதற்காக அவதூறு வழக்கும் வந்தது. நூறு ரூபாய் அபராதத்தை ஆதரவாளர்களே கட்டினார்கள். 1900 வரை பத்திரிகை நடந்தது.

ஒடுக்கப்பட்ட மக்களிடமிருந்து வந்த முதல் பத்திரிகை இது என்று நினைத்துவிட வேண்டாம். 1869லேயே ‘சூரியோதயம்’ வந்துவிட்டது. அடுத்து ‘பஞ்சமன்’, 1885இல் ‘திராவிட பாண்டியன்’, அதற்கடுத்த வருஷம் ‘மகாவிகடதூதன்’. தமிழ் இதழியல் வரலாறு என்று நாம் பள்ளியில் படித்ததில் இந்தப் பெயர்கள் ஒன்றுகூட இல்லை என்பது எனக்கு இன்றும் ஆறாத கோபம்.

இந்தப் பெயரை எல்லாரும் ஏற்றுக்கொண்டார்கள் என்றும் சொல்ல முடியாது. கடுமையாக மறுத்தவர் வீட்டுக்குள்ளேயே இருந்தார். சீனிவாசனின் தங்கையை மணந்தவர் அயோத்திதாசப் பண்டிதர். தம் மக்கள் ஆதியில் பௌத்தர்கள், சாதியற்ற தமிழர்கள், பகைவர்கள் இழிவுபடுத்தச் சூட்டிய பெயர்தான் ‘பறையர்’ என்பது அவர் ஆராய்ந்து நிறுவ முயன்ற கருத்து. அப்படியிருக்க அந்தப் பெயரை முகப்பில் தாங்கிவரும் பத்திரிகையை அவரால் எப்படி ஏற்க முடியும்? 1907 ஜூனில் அவர் தாமே தொடங்கிய வார இதழுக்கு ‘ஒரு பைசாத் தமிழன்’ என்று பெயர் வைத்தார். ஒருவர் ஒட்டவைத்த பெயரைக் கிழித்தெறிந்து பழைய பெயரைத் தேடினார். மற்றவர் ஒட்டிய பெயரையே கொடியாக்கினார். இருவரில் யார் சரி என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. நான் இத்தனை வருஷம் படித்தும் பண்டிதரின் அறிவைக் கண்டு வியக்கிறேன், சீனிவாசனின் துணிவைக் கண்டு கலங்குகிறேன். ஒரு குடும்பத்துக்குள் நடந்த இந்த வாக்குவாதம் தமிழ் அரசியலில் இன்னும் முடியவில்லை.

இனி சீனிவாசன் அனுப்பிய ஒரு மனுவுக்கு வருவோம். அவர் எழுதியவற்றில் அதிகம் திட்டு வாங்கியது அதுதான்.

1893 ஜூனில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபை, கலெக்டர்களைத் தேர்ந்தெடுக்கும் ஐ.சி.எஸ். தேர்வை லண்டனில் நடத்தும்போதே இந்தியாவிலும் நடத்தலாம் என்று தீர்மானம் போட்டது. காங்கிரஸ் வெகுநாளாகக் கேட்டுவந்தது இது. ஊரே கொண்டாடிய தீர்மானத்தை எதிர்த்துச் சீனிவாசன் அந்த டிசம்பரில் சென்னையில் கூட்டம் போட்டு, பார்லிமெண்டுக்கு ஒரு மனு அனுப்பினார். 112 அடி நீளம், 3,412 கையொப்பங்கள். சிறுசேரியில் எங்கள் தெருவில் அதை விரித்தால் நாலைந்து வீட்டு வாசலைக் கடந்துபோகும். எழுத்தறிவு மறுக்கப்பட்ட மக்களிடம் 3,412 பேரைச் சேர்ப்பது எத்தனை மாலை நேரத்து நடை என்று எண்ணிப்பாருங்கள்.

தேச விரோதம் என்று அன்றே சொன்னார்கள், இன்றும் சொல்கிறவர்கள் இருக்கிறார்கள். செங்கல்பட்டு நிலவரத்தை அறிந்தால்தான் அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பது புரியும். இங்கே மிராசு முறையில் தரிசு நிலத்துக்குக்கூட முதல் உரிமை மிராசுதாரருக்கு. ஒரு படியாள் தரிசு கேட்டுத் தர்காஸ்து மனுப் போட்டால், “எனக்கு வேண்டும்” என்று மிராசுதாரர் ஒரு வார்த்தை சொன்னால் போதும், மனு தள்ளுபடி. குடிசை நிற்கும் மனையும் அவருடையது என்பார்கள். எதிர்த்துப் பேசினால் அன்றிரவே சட்டி பானையோடு தெருவில். கணக்குப்பிள்ளை முதல் தாசில்தார் வரை விசாரிக்கிற அத்தனை பேரும் நிலம் வைத்திருந்த சாதிகளின் ஆட்கள். 1891இல் செங்கல்பட்டுக் கலெக்டராக இருந்த டிரெமன்ஹீர் இதையெல்லாம் அறிக்கையாக எழுதியதும், அதன் பேரில் 1892 செப்டம்பர் 30ஆம் தேதி அரசாணை பிறந்து ஒடுக்கப்பட்டோருக்குப் பஞ்சமி நிலங்கள் ஒதுக்கப்பட்டதும் நடந்து ஒரு வருஷம்தான் ஆகியிருந்தது. கலெக்டர் நாற்காலி ஒன்றுதான் ஊர்க்கட்டுக்கு வெளியே இருந்தது. தேர்வு இங்கேயே நடந்து அதுவும் உள்ளே போய்விட்டால் நாங்கள் யாரிடம் முறையிடுவது? அந்த 112 அடி மனுவின் அடியில் ஓடும் கேள்வி இதுதான். இந்தக் கேள்வியைத் தேசவிரோதம் என்று ஒதுக்கியவர்கள் ஒருநாளும் தர்காஸ்து மனுவோடு கச்சேரி வாசலில் நின்றவர்கள் கிடையாது. கடைசியில் அரசாங்கம் அந்தத் தீர்மானத்தை நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. இந்தியாவில் தேர்வு நடந்தது 1922இல்தான்.

இந்த இடத்தில் கடல் தாண்டிய ஒருவரை அழைத்துவருகிறேன். தாமஸ் பெய்ன். அமெரிக்கக் காலனிகள் இங்கிலாந்தை உதற வேண்டும் என்று 1776 ஜனவரியில் ‘பொது அறிவு’ என்ற சிறு நூலை எழுதி ஒரு கண்டத்தையே எழுப்பியவர். ஆனால் அவர் பேனா முதலில் எழுதியது புரட்சியை அல்ல. இங்கிலாந்தில் அவர் கலால் இலாகா ஊழியர். 1772இல் தம் சக ஊழியர்களின் சம்பளம் வயிற்றுக்குப் போதவில்லை என்று பார்லிமெண்டுக்கு ஒரு விண்ணப்பம் எழுதினார். அது எடுபடவில்லை, வேலையும் போயிற்று, 1774இல் கப்பல் ஏறினார். பெய்னும் சீனிவாசனும் கணக்குப் புத்தகத்தில் கைபழகியவர்கள். மனு எழுதியவர்கள். அலங்காரம் இல்லாமல், படிக்கத் தெரியாதவனுக்கு ஒருவர் உரக்கப் படித்துக் காட்டினாலும் விளங்கும்படி எழுதியவர்கள். ஆனால் பெய்னுக்கு மன்னன்தான் எதிரி, அந்த மன்னன் மூவாயிரம் மைலுக்கு அப்பால் இருந்தான். சீனிவாசனுக்கு எதிரே நின்ற அதிகாரம் கிணற்றடியில், குளக்கரையில், பக்கத்துத் தெருவில் இருந்தது. தூரத்து அரசனை விரட்டச் சொல்லும் எழுத்து மட்டுமே விடுதலை எழுத்து என்று நாம் பழகியிருக்கிறோம். அந்தப் பழக்கம்தான் சீனிவாசனைப் படிக்கவிடாமல் தடுக்கிறது.

மற்றதை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். 1900இல் இங்கிலாந்து போகப் புறப்பட்டவர் ஆப்பிரிக்காவிலேயே தங்க நேர்ந்தது. தென்னாப்பிரிக்காவில் நீதிமன்ற மொழிபெயர்ப்பாளராக இருந்தார். 1921இல் திரும்பினார். 1923 முதல் சென்னைச் சட்டமன்றத்தில். பொதுச் சாலை, கிணறு, குளம் எல்லாம் எல்லாருக்கும் பொது என்று 1924இல் அவர் கொண்டுவந்த தீர்மானம் நிறைவேறியது. 1930லும் 1931லும் லண்டன் வட்டமேஜை மாநாடுகளில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். அங்கே இருவரும் கையெழுத்திட்டுக் கொடுத்த பாதுகாப்புத் திட்டமும் ஒரு மனுதான், 112 அடி மனுவின் பேரப்பிள்ளை. 1932 பூனா ஒப்பந்தத்திலும் அவர் கையெழுத்து இருக்கிறது. 1945 செப்டம்பர் 18இல் மறைந்தார்.

அவருடைய சட்டமன்றப் பேச்சுகள் பதிவில் இருக்கின்றன. லண்டனில் பேசியதும் இருக்கிறது. ‘பறையன்’ இதழின் ஏழு வருஷத் தாள்கள்தான் நம் கையில் முழுதாக இல்லை. நம் நூலகங்களில் அதன் தொகுப்பு கிடையாது. அன்றைய அரசாங்கம் நாட்டுமொழிப் பத்திரிகைகளைக் கண்காணிக்க மொழிபெயர்ப்பாளர்களை வைத்துத் தொடர்ந்து ரகசியச் சுருக்க அறிக்கை தயாரித்தது. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அந்த அறிக்கைகளைப் புரட்டினால் அவருடைய தலையங்கங்கள் நாலு வரி, ஆறு வரி ஆங்கிலச் சுருக்கங்களாக அங்கங்கே தலைகாட்டும். கண்காணிக்க எழுதியவனின் கையால்தான் அந்தத் தமிழைத் தேட வேண்டியிருக்கிறது. என்ன வாக்கியத்தில் தொடங்கினார், கோபம் வந்தால் எந்தச் சொல்லை எடுத்தார், நகைத்தாரா, அழுதாரா, எதுவும் அந்தச் சுருக்கத்தில் வராது.

அதனால் இந்தத் தொடரைப் படிக்கிற செங்கல்பட்டு, மதுராந்தகம், திருப்போரூர், செய்யூர் பக்கத்து அன்பர்களிடம் ஒரு வேண்டுகோள். தாத்தா காலத்து டிரங்குப் பெட்டி, மச்சில் கட்டிவைத்த காகிதக் கட்டு, கூரையில் செருகிய பழைய தாள் எது இருந்தாலும் எடைக்குப் போடும் முன் ஒருமுறை பிரித்துப் பாருங்கள். சின்ன அளவில் நாலு பக்கம். மேலே அந்தப் பெயர் பெரிதாக இருக்கும். கரையான் அரித்திருந்தாலும் சரி, ஓரம் பொடிந்திருந்தாலும் சரி, எழுதுங்கள், நானே வந்து பார்க்கிறேன்.

(அடுத்த வாரம்: டிரெமன்ஹீரின் 1891 அறிக்கை)