தமிழர் சமைத்த ஓவல் மைதானம்

சப்பிரகமுவத் தோட்டங்களில் சமநிலம் காண்பது அரிது. இரத்தினபுரியிலும் கேகாலையிலும் நம் பிள்ளைகள் லயத்து வாசலிலும் றப்பர் மரங்களின் இடையிலும் பந்தாடுவர். சரிவில் உருண்ட பந்தை மீட்பதற்கே பாதி மாலை கழிந்துவிடும். அவர்கள் அறிந்திருக்க வேண்டிய மைதானம் ஒன்று கொழும்பில், பொரளைக்கு அண்மையில் உளது. முன்னாளில் ஓவல் எனவும், இந்நாளில் பி. சரவணமுத்து விளையாட்டரங்கு எனவும் அது வழங்கும்.

1899 ஆம் ஆண்டில் தோன்றிய தமிழ் யூனியன் கழகத்துக்கு உரியது அம்மைதானம். அதனை உருவாக்க முன்னின்று உழைத்த பாக்கியசோதி சரவணமுத்து, தேயிலை, றப்பர் கட்டுப்பாட்டு அதிகாரியாக விளங்கியவர். இலங்கைக் கிரிக்கெட் சபையின் முதல் தலைவரும் அவரே. தோட்டத்து மக்களின் வியர்வையில் விளைந்த பொருள்களைக் கணக்கிட்ட கையே இந்த மைதானத்தையும் சமைத்தது என்பது எண்ணத்தக்கது.

1948 மார்ச்சில் டொனால்ட் பிராட்மன் தம் அவுஸ்திரேலிய அணியுடன் இங்கே ஆடினார். அன்று இலங்கை அணிக்குத் தலைமை தாங்கியவர் மகாதேவன் சதாசிவம். ஆடுகளத்தை அளந்து பார்த்தபோது அது 22 கெஜம் இருக்கவில்லை. 20 கெஜமே இருந்தது! உலகின் தலைசிறந்த ஆட்டக்காரரை அழைத்துவிட்டு அளவுகோலை மறந்தார்கள் போலும். அவ்வாண்டின் பிற்பகுதியில் நிறைவேறிய பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழர் பல இலட்சம் பேரை நாடற்றவர் ஆக்கிற்று. தமிழர் ஒருவர் நாட்டின் அணியை நடத்திய அதே ஆண்டில் இதுவும் நிகழ்ந்தது.

1982 பெப்ரவரி 17 ஆம் நாள் இலங்கையின் முதல் டெஸ்ட் பந்தயம், இங்கிலாந்துக்கு எதிராக, இங்கேயே தொடங்கிற்று. இலங்கையின் முதற் பந்தை எதிர்கொண்ட தலைவர் பந்துல வர்ணபுர கேகாலை மாவட்டத்து றம்புக்கணையிற் பிறந்தவர். நம் அயலார் என்று சொல்லிக்கொள்ளலாம். பள்ளி மாணவரான அர்ஜுன ரணதுங்க 54 ஓட்டங்கள் எடுத்தார். இரண்டாம் ஆட்டத்தில் 3 விக்கெட்டுக்கு 167 என நின்ற நம் அணி, எம்புரியின் சுழற்பந்தில் சிக்கி 175 ஓட்டங்களுக்குள் சுருண்டது. வென்றது இங்கிலாந்து.

அடுத்த ஆண்டு, 1983 ஜூலைக் கலவரத்தில், கழகத்தின் மண்டபம் தீக்கிரையாயிற்று. கழகத்தார் மைதானத்தைக் கைவிட்டாரல்லர். 1985 செப்டெம்பரில் கபில்தேவின் இந்திய அணியை 149 ஓட்டங்களால் வீழ்த்தி, டெஸ்ட் வரலாற்றில் இலங்கை தன் முதல் வெற்றியைப் பெற்றதும் இதே புல்தரையிலேதான். இருவரும் நமக்கு உறவினராதலின், அன்று சில வீடுகளில் மகிழ்ச்சியும் வருத்தமும் கலந்தே இருந்தன.

பின்னர் 800 டெஸ்ட் விக்கெட்டுகள் கண்ட முத்தையா முரளிதரனும் தமிழ் யூனியன் கழகத்தின் ஆட்டக்காரரே. தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்வதற்காக 1920 இல் தமிழகத்திலிருந்து கடல் கடந்து வந்தவர் அவருடைய பாட்டனார்.