வடிவத்தோடு வளரும் படிகம்



மோட்டார் சைக்கிள் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாக ஒரு பீங்கான் இருக்கிறதே, அது அலுமினா. விலை உயர்ந்த கைக்கடிகாரத்தில் எளிதில் கீறல் விழாத கண்ணாடி இருக்கிறதே, அதுவும் அலுமினாதான்! ஒன்று பால் மாதிரி, இன்னொன்று தண்ணீர் மாதிரி. ஏன்? பீங்கானில் எண்ணற்ற சிறு படிகங்கள் தாறுமாறாக ஒட்டிக் கிடக்கின்றன. அவற்றின் எல்லைகளிலும் நுண்துளைகளிலும் ஒளி சிதறிவிடுகிறது. கடிகாரக் கண்ணாடியோ முழுக்க ஒரே படிகம். அதன் பெயர் சஃபையர்.

கடினத்தில் வைரத்துக்கு 10 என்றால் இதற்கு 9. அங்கேதான் சங்கடம். கட்டியாக வளர்த்து, பிறகு அறுத்துத் தேய்க்க வைரத்தூள் வேண்டும். ஒர்க்‌ஷாப்பில் மைல்டு ஸ்டீலுக்கு ஃபைல் போடவே நமக்குக் கை வலிக்கிறது! நேரமும் பணமும் கல்லும் வீண். அப்படியானால், வளரும்போதே வடிவத்தோடு வளர்த்தால் என்ன?

ரஷ்யாவின் ஸ்டெபனோவ் 1938-ல் உலோகத்தில் இதை முயன்றார். 1960-களில் அமெரிக்காவின் லாபெல் சஃபையருக்கு வழி கண்டார். விளக்குத்திரியில் எண்ணெய் ஏறுகிறதல்லவா? அதே நுண்புழை ஏற்றம்தான். மூசையில் அலுமினா சுமார் 2050 டிகிரி செல்சியசில் உருகுகிறது. அதில் மெல்லிய இடுக்கு உள்ள மாலிப்டின அச்சு நிற்கும். குழம்பு இடுக்கு வழியே ஏறி அச்சின் உச்சியில் பரவும். அதில் ஒரு விதைப் படிகத்தைத் தொட வைத்து மெல்ல மேலே இழுக்க வேண்டும். உச்சி பட்டையானால் தகடு, வளையமானால் குழாய்! அந்தச் சூட்டில் காற்றுப் பட்டால் மாலிப்டினம் கெடும். அதனால் ஆர்கான் வாயுவுக்குள் வேலை. வேகமோ வெப்பமோ பிசகினால் குமிழி விழும், தெளிவு போச்சு.

தமிழ்நாட்டிலும் வடிவப் படிகத்துக்கு ஒரு முறை பிறந்திருக்கிறது. 2005-ல் வெளிவந்த சங்கரநாராயணன்-ராமசாமி முறை. முதல் பெயர் நம்ம கோயில் சாமி பெயர்! கூம்பு அடியுள்ள கண்ணாடிக் குழாயின் அடியில் விதை. மேலே நிறைவுற்ற கரைசல். மேல்பக்கம் சற்றுச் சூடாக்கினால் கரைப்பான் ஆவியாகும், கரைபொருள் விதைமேல் படியும். குழாயின் வடிவிலேயே படிகம் உருளையாக வளரும். உலை வேண்டாம். ஆனால் இதில் சஃபையர் வராது. லேசர் ஒளியின் நிறத்தை மாற்றும் கே.டி.பி. போன்ற கரையும் படிகங்களுக்கே இது பொருந்தும்.

விசைத்தறிக் குடும்பத்தில் முதன்முதலாகப் படிக்க வந்தவன் நான். இதெல்லாம் பெரிய விஞ்ஞானிங்க வேலைன்னு நாம ஒதுங்க வேண்டாம். அச்சு கடைவது, வெப்பக் கட்டுப்பாடு, வாக்குவம் பம்ப், மோட்டார் வேகம் எல்லாம் டிப்ளமோ பாடம்தானே! படிகம் வளர அந்தக் கைகளும் வேண்டும்.

– இரண்டாம் ஆண்டு, மெக்கானிக்கல்