ஜெனிவீவ்: ஒரு பழைய வண்டியும் ஒரு நல்ல பண்பும்

நகைச்சுவை என்றாலே பிறரை இழிவுபடுத்திச் சிரிப்பது என்று எண்ணுவோர் உளர். அவ்வெண்ணத்தை மாற்றவல்ல திரைப்படங்களுள் ஒன்று, 1953-ஆம் ஆண்டில் பிரிட்டனில் வெளிவந்த 'ஜெனிவீவ்' ஆகும். வில்லியம் ரோஸ் எழுதிய கதையை ஹென்றி கார்னீலியஸ் இயக்கினார்.

ஜெனிவீவ் என்பது பெண்ணின் பெயராயினும், இப்படத்தில் அது 1904-ஆம் ஆண்டைச் சேர்ந்த 'டராக்' என்னும் பிரெஞ்சு மோட்டார் வண்டியின் பெயர். அதன் உரிமையாளர் ஆலன் என்னும் இளம் வழக்கறிஞர். அவருடைய நண்பர் ஆம்புரோஸிடம் இருப்பது 'ஸ்பைக்கர்' என்னும் டச்சு வண்டி. இருவரும் ஆண்டுதோறும் நடைபெறும் லண்டன்–பிரைட்டன் பழைய வண்டிகளின் பயணத்தில் கலந்துகொள்கின்றனர்.

இப்பயணத்திற்கு ஒரு வரலாறு உண்டு. முற்காலத்தில் பிரிட்டிஷ் சட்டப்படி மோட்டார் வண்டிக்கு முன்னால் ஒருவர் நடந்து செல்லவேண்டும். 1896-இல் வந்த புதிய சட்டம் அவ்விதியை நீக்கி, மணிக்கு 14 மைல் வரை ஓட்ட இசைந்தது. அவ்விடுதலையைக் கொண்டாட அவ்வாண்டு நவம்பர் 14-ஆம் நாள் பல வண்டிகள் பிரைட்டனுக்குப் புறப்பட்டன. அதன் நினைவாகவே இன்றும் 1905-க்கு முற்பட்ட வண்டிகள் ஏறத்தாழ 60 மைல் ஓடுகின்றன. இது பந்தயம் அன்று. சேரிடம் சென்றடைவதே பெருமை.

ஆனால் நண்பர்கள் இருவரும் பிரைட்டனில் பூசலிட்டு, திரும்பும் வழியில் வெஸ்ட்மின்ஸ்டர் பாலத்தை முதலில் கடப்பவருக்கு நூறு பவுன் என்று பந்தயம் கட்டுகின்றனர். பிறகு சூழ்ச்சியும் குறும்பும் தொடர்கின்றன. ஆலனின் மனைவி வெண்டியும், ஆம்புரோஸுடன் வந்த ரோசலிண்டும் இந்தப் பிடிவாதத்தில் சிக்கித் தவிக்கின்றனர்.

பாலத்தை நெருங்கும் வேளையில், முதியவர் ஒருவர் ஆலனைத் தடுத்து நிறுத்துகிறார். இளமையில் இத்தகைய வண்டி ஒன்று தம்மிடம் இருந்ததாகவும், அதில்தான் தம் மனைவியாக வரவிருந்தவரை அழைத்துச் சென்றதாகவும் கூறுகிறார். ஒவ்வொரு நொடியும் பொன்னான அந்நேரத்தில், வெற்றியை இழக்க நேர்ந்தாலும் அவர் சொல்வதைக் கேட்டு நிற்கிறார் ஆலன். அதுவரை பிடிவாதக்காரராகத் தோன்றியவர், அக்கணத்தில் பண்பாளராகிறார். வெண்டியும் அவரைப் புதிதாய்க் காண்கிறாள். படத்தின் உயிர்நாடி இதுவே.

பின்னர் ஸ்பைக்கரின் சக்கரங்கள் டிராம் தண்டவாளத்தில் அகப்பட்டு வேறு திசையில் திரும்பிவிடுகின்றன. 1952 ஜூலையிலேயே லண்டனின் டிராம்கள் நின்றுபோயின. எஞ்சியிருந்த இரும்புப் பாதையே கதைக்கு உதவிற்று. பழுதுபட்டு நின்ற ஜெனிவீவோ, தடை நழுவித் தானே உருண்டு பாலத்தை அடைகிறது!

இன்னொரு செய்தியும் நினைக்கத்தக்கது. இப்படத்திற்கு இனிய மௌத்தார்கன் இசை தந்தவர் அமெரிக்கரான லாரி ஆட்லர். அரசியல் ஐயத்தால் அவர் நாட்டில் கறுப்புப் பட்டியலில் வைக்கப்பட்டிருந்தமையால், அமெரிக்கப் பிரதிகளில் அவர் பெயர் நீக்கப்பட்டது. ஆஸ்கர் பரிசுக்கான பரிந்துரையும் மற்றொருவர் பெயரில் சென்றது. 1986-ஆம் ஆண்டில்தான் அப்பிழை திருத்தப்பெற்றது. முதியவர் ஒருவருக்குக் காது கொடுத்ததைப் போற்றும் படம், தன்னை இசையால் அழகுபடுத்தியவருக்கு உரிய பெயரைத் தர இத்தனை ஆண்டுகள் ஆயின.

திரையில் ஓடிய அவ்விரு வண்டிகளும் இன்று நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் உள்ளன. இரும்பைப் பேணுதல் எளிது. விரைந்து செல்லும்போதும் பிறர்க்காக நிற்கும் மனத்தைப் பேணுதலே அரிது.