சளியில் டி.பி. இல்லை, பிறகு ஏன் ரத்தம்?

பொள்ளாச்சிப் பக்கம் நார் மில்களுக்கு வெளியே மலைமலையாகக் குவிந்திருக்கும் நார்க்கழிவு, மழையில் நனைந்து உள்ளுக்குள் சூடேறி மக்குகிறது. நாமக்கல் கோழிப்பண்ணைகளில் தீவன மக்காச்சோளம் ஈரம்பட்டுப் பூசணம் பிடிக்கிறது. இத்தகைய இடங்களில் செழித்து வளரும் பூஞ்சைதான் ஆஸ்பெர்ஜில்லஸ். கோழிக்குஞ்சுகளின் நுரையீரலை அது தாக்குவது பண்ணைக்காரர்களுக்குப் பழகிய சங்கதி. மனிதர்களுக்கும் வரும் என்பதுதான் பலருக்குத் தெரியாது.

அதன் வித்துகள் 2 முதல் 3 மைக்ரான் அளவே இருப்பதால், மூச்சோடு நுரையீரலின் அடிவரை போய்விடும். இந்த வித்துகளை நாம் எல்லோரும் தினமும் சுவாசிக்கிறோம். நல்ல நுரையீரல் அவற்றை அழித்துவிடும். ஆபத்து, பழைய காயம் உள்ளவர்களுக்கு.

காசநோய்க்காகப் பெருந்துறை சானட்டோரியத்தில் மாதக்கணக்கில் தங்கிய தலைமுறையைக் கொங்கு நாடு அறியும். டி.பி. குணமானாலும் சிலருக்கு நுரையீரலில் பொந்து நிலைத்துவிடும். பூஞ்சை குடியேற அது தோதான இடம். 1968-ல் பிரிட்டனில் இப்படிப் பொந்து உள்ள 544 பேரைச் சோதித்தபோது, கால்வாசிப் பேரின் ரத்தத்தில் இந்தப் பூஞ்சைக்கு எதிரான எதிர்ப்பொருள் இருந்தது. இந்தியாவில் சுமார் 2.9 லட்சம் பேர் நாள்பட்ட ஆஸ்பெர்ஜில்லஸ் நோயோடு வாழ்வதாக 2014-ல் வெளியான ஆய்வு மதிப்பிட்டது.

விடாத இருமல், மெலிவு, சளியில் ரத்தம்: எல்லாம் டி.பி. போலவே. சளிப் பரிசோதனையில் கிருமி இல்லாவிட்டாலும், எக்ஸ்ரேயில் பொந்தைப் பார்த்து மறுபடி டி.பி. மாத்திரை தொடங்கிவிடுகிறார்கள். என் ஆதங்கம் இதில்தான். டி.பி. மாத்திரையிலுள்ள ரிஃபாம்பிசின், பூஞ்சைக்குத் தரும் இட்ராகோனசோலின் அளவை ரத்தத்தில் வெகுவாகக் குறைத்துவிடும். ஆகவே முதலிலேயே எது நோய் என்று பிரித்தறிய வேண்டும். சி.டி. ஸ்கேனும், ஆஸ்பெர்ஜில்லஸ் ஐ.ஜி.ஜி. என்ற ரத்தப் பரிசோதனையும் அதற்கு உதவும். பின்னது மாவட்ட அரசு மருத்துவமனை ஒவ்வொன்றிலும் கிடைக்க வேண்டும்.

சிகிச்சை குறைந்தது ஆறு மாதம். இட்ராகோனசோல் கேப்ஸ்யூலைச் சாப்பாட்டோடு விழுங்க வேண்டும்; வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரை சேர்ந்தால் அது உடம்பில் சரியாகச் சேராது. ஒரே இடத்தில் பூஞ்சை உருண்டையாகத் திரண்டிருந்து, நுரையீரலுக்குத் தெம்பும் இருந்தால், அறுவை சிகிச்சையும் உண்டு.

இன்னொரு கவலை வயலிலிருந்து வருகிறது. மஞ்சளுக்கும் வாழைக்கும் அடிக்கும் புரோபிகோனசோல் என்ற பூஞ்சைக்கொல்லியும் இட்ராகோனசோலும் ஒரே குடும்பம்; வயலில் ஒன்றுக்குப் பழகிய பூஞ்சை மற்றதற்கும் அடங்காமல் போகலாம். இம்மருந்துகளுக்கு அடங்காத ஆஸ்பெர்ஜில்லஸை 2012-லேயே டெல்லி ஆய்வாளர்கள் இந்திய மண்ணில் கண்டார்கள். 2022-ல் உலக சுகாதார நிறுவனம் இதன் ஒரு வகையான ஆஸ்பெர்ஜில்லஸ் ஃப்யூமிகேட்டஸை மிக ஆபத்தான பூஞ்சைகளின் வரிசையில் வைத்தது.

ஆளிடமிருந்து ஆளுக்கு இந்த நோய் ஒட்டாது. வீட்டில் தட்டு, டம்ளரைத் தனியே ஒதுக்கத் தேவையில்லை. முன்பு டி.பி. வந்தவர்கள் நார்க்கழிவு, கோழி எரு அள்ளும் வேலையைத் தவிர்ப்பது நல்லது. முடியாதவர்கள் என்-95 மாஸ்க் போட வேண்டும். சளியில் ரத்தம் கண்டால் பழைய எக்ஸ்ரேயையும் கையோடு எடுத்துக்கொண்டு அன்றே நுரையீரல் மருத்துவரிடம் போங்கள்.